கால்பந்தா, பேஸ்பாலா? அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஓர் ஒப்பீடு

அமெரிக்க ஊர்கள் பலவற்றில் குளிர்காலம் முடிவதற்கு முன்பே, ஜனவரியிலும் பிப்ரவரியிலும், வசந்த காலச் சிறுவர் விளையாட்டுகளுக்கான பதிவு தொடங்கிவிடுகிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களில் அப்போது எழும் கேள்வி, கால்பந்தில் சேர்ப்பதா, பேஸ்பாலில் சேர்ப்பதா என்பது. இரண்டின் பயிற்சி நாட்களும் சனிக்கிழமை ஆட்டங்களும் மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை ஒன்றோடொன்று மோதுவதால், இரண்டையும் ஒரே பருவத்தில் வைத்துக்கொள்வது பிள்ளைக்கும் பாரம், காரில் அழைத்துப் போகும் பெற்றோருக்கும் பாரம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, பள்ளி மைதானத்தில் கால்பந்தையும் கொஞ்சம் உதைத்துப் பழகி, பேஸ்பாலை இந்த நாட்டுக்கு வந்த பிறகே முதன்முதலாகக் கண்ட பெற்றோர் பலர், தெரிந்த விளையாட்டே நல்லது என்று கால்பந்தைத் தேர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தேர்வு பல வீடுகளில் சரியாகவே அமைகிறது. ஆனால் அதற்குப் பழக்கம் ஒன்றே காரணமாக இருந்தால், பேஸ்பால் தரக்கூடிய ஒரு பெரிய இன்பத்தைக் குடும்பம் முழுவதும் இழந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாடுவதற்கு எது, பார்ப்பதற்கு எது என்று கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஆடுவதற்குக் கால்பந்தே மேலானது. ஆனால் கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்கள் மாதக்கணக்கில் பின்தொடர்ந்து மகிழ்வதற்கு இந்த மண்ணில் பேஸ்பாலைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை. இவ்விரண்டு முடிவுகளுக்கும் விலக்குகள் உண்டு என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆறு வயதுப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டத்தில் பந்து எங்கே போகிறதோ அங்கே எட்டுப் பேரும் ஈ மொய்ப்பது போல் மொய்த்துக்கொள்வார்கள். யாருடைய காலிலோ பட்டுப் பந்து வெளியே தெறிக்கும். கூட்டம் மொத்தமும் திரும்பி அதன் பின்னால் ஓடும். அந்த எட்டு என்ற எண் தற்செயலானது அன்று. யு.எஸ். சாக்கர் எனப்படும் தேசியக் கூட்டமைப்பு, எட்டு வயதுக்கு உட்பட்டவர்களை நால்வருக்கு நால்வர் என்ற கணக்கில், கோல்கீப்பர் இல்லாமல், சிறிய மைதானத்தில் ஆடவிட வேண்டும் என்று வகுத்திருக்கிறது. பத்து வயது வரை ஏழு பேர், பன்னிரண்டு வயது வரை ஒன்பது பேர், அதற்குப் பிறகுதான் முழு அணியான பதினொரு பேர். ஆள் குறையக் குறைய ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து படும் வாய்ப்பு கூடுகிறது, ஒளிந்து நிற்க இடமும் இல்லாமல் போகிறது. 1964-இல் கலிபோர்னியாவின் டொரன்ஸ் நகரில் தொடங்கி இன்று பல மாநிலங்களில் கிளை பரப்பியுள்ள ஏ.ஒய்.எஸ்.ஓ. அமைப்பு, அணியில் உள்ள எந்தப் பிள்ளையும் ஆட்டத்தில் குறைந்தது பாதி நேரமாவது களத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தன் அடிப்படை விதியாகவே வைத்திருக்கிறது. திறமை குறைந்த பிள்ளையும் வியர்த்து, மூச்சிரைத்து, முகம் சிவந்து வீடு திரும்புகிறது. அந்த வயதில் விளையாட்டிடம் நாம் கேட்க வேண்டியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அதே வயதில் பேஸ்பால், டீ-பாலாகத் தொடங்குகிறது. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை ஏற்றி இறக்கக்கூடிய ரப்பர்த் தண்டின் மேல் பந்தை வைத்து, பிள்ளை அதை மட்டையால் அடித்துவிட்டு முதல் பேஸை, அதாவது ஓடித் தொட வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவதை, நோக்கி ஓட வேண்டும். அடிக்கும் அந்த நொடி பிள்ளைக்குப் பெரும் குதூகலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நொடிக்காக வரிசையில் காத்திருக்கும் நேரமும், எதிரணி அடிக்கும்போது வெளிக்களத்தில் வெறுமனே நிற்கும் நேரமும் மிக அதிகம். புல்லைப் பிடுங்கிக்கொண்டும், க்ளவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டும், பட்டாம்பூச்சியைத் துரத்திக்கொண்டும் நிற்கும் குழந்தைகளை எந்த டீ-பால் மைதானத்திலும் காணலாம். ஓடியாடித் தீர்க்க வேண்டிய துடிப்பு உள்ள பிள்ளைக்கு இது ஏமாற்றமாகவே முடியும். மாறாக, கூட்டத்தில் இடிபடுவதை விரும்பாத, தன் முறை வரும்வரை பொறுமையாகக் கவனித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கால்பந்தின் நெரிசல் தொல்லையாகவும் டீ-பாலின் ஒழுங்கு நிம்மதியாகவும் இருக்கும். இந்த முதல் விலக்கைப் பெற்றோர் தம் பிள்ளையின் இயல்பைப் பார்த்துத் தாமே கண்டுகொள்ள முடியும்.

எட்டு, ஒன்பது வயதில் நிலைமை மாறுகிறது. அதுவரை தண்டிலிருந்தோ, பயிற்சியாளர் கையிலிருந்தோ, இயந்திரத்திலிருந்தோ வந்த பந்து, இப்போது இன்னொரு சிறுவனின் கையிலிருந்து வரத் தொடங்குகிறது. லிட்டில் லீக் எனப்படும் சிறுவர் பேஸ்பால் அமைப்பின் மைதானத்தில் பந்து வீசும் மேட்டுக்கும், அடிப்பவர் நிற்கும் ஹோம் ப்ளேட்டுக்கும் இடையே 46 அடி. அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்தும் விடப்பட்ட, அல்லது மட்டையைச் சுழற்றித் தவறிய பந்து ஸ்ட்ரைக்; எல்லைக்கு வெளியே வந்து, அடிக்காமல் விடப்பட்ட பந்து பால்; மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட், நான்கு பாலில் முதல் பேஸ் இலவசம். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்று எண்ணிக்கை நிறைந்து, இரண்டு பேர் ஏற்கெனவே அவுட்டாகி, மூன்றாம் பேஸில் ஒருவன் காத்திருக்க, ஹெல்மெட் சற்றுப் பெரிதாகக் கண்ணருகே இறங்கியிருக்க, ஒன்பது வயதுப் பிள்ளை மட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறது. பதினேழு பேரும் இரண்டு குடும்பக் கூட்டங்களும் அந்த ஒரு பிள்ளையைத்தான் பார்க்கின்றன. பந்து வெளியே போகும் என்று எண்ணி மட்டையை அசைக்காமல் விட்டு, நடுவர் ஸ்ட்ரைக் என்று கை உயர்த்திவிட்டால், பெஞ்சுக்குத் திரும்பும் அந்த இருபது அடியைப் பிள்ளை தனியாகத்தான் நடக்க வேண்டும். கால்பந்தில் தவறு கூட்டத்தில் கரைந்துபோகும். அடுத்த நொடியே பந்து வேறெங்கோ போயிருக்கும். பேஸ்பாலில் தவறு பெயரோடு பதிவாகிறது.

இதைக் குறை என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. தொழில்முறை பேஸ்பாலில் பத்து முறைக்கு மூன்று முறை அடித்துப் பேஸை எட்டுபவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று போற்றப்படுகிறார். மேஜர் லீக் எனப்படும் உச்சத் தொழில்முறைப் போட்டியின் இன்றைய இரு பிரிவுகளான அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில், ஒரு பருவம் முழுவதிலும் பத்துக்கு நான்கு என்ற அளவைத் தாண்டிய கடைசி வீரர் டெட் வில்லியம்ஸ், அதுவும் 1941-இல். தோற்பதே வழக்கமாக இருக்கும் ஒரு வேலையில் மறுபடியும் போய் நிற்கக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு இதைப்போல் வேறொன்று இல்லை. ஆனால் அந்தப் பாடம் ஒன்பது வயதில் ஒரு பிள்ளையை உறுதியாக்கும், இன்னொரு பிள்ளையை மைதானத்தின் பக்கமே வராமல் செய்துவிடும். அருகில் நிற்கும் பயிற்சியாளர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தே அது பெரும்பாலும் முடிவாகிறது.

வீட்டு வாசலிலோ பின்கட்டிலோ அப்பாவோடு கிரிக்கெட் ஆடிய பிள்ளைக்குப் பேஸ்பால் எளிதாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மை. பந்தைக் கண்ணால் தொடர்வது, உயரமாக வரும் பந்தின் அடியில் போய் நிற்பது, ஓட்டத்தைக் கணிப்பது ஆகியவை அப்படியே கைகொடுக்கும். அடிப்பதுதான் இடறும். பேஸ்பாலில் பந்து தரையில் குத்தி எழுவதில்லை, மட்டை உருளை வடிவானது, நேர்மட்டையில் தட்டிவிடும் பழக்கத்துக்கு இங்கே வேலையில்லை, பின்பக்கம் தள்ளிவிட்டால் ஓட்டம் கிடைப்பதற்குப் பதில் ஃபவுல், அதாவது செல்லாத அடி, ஆகிறது. வீசுவதிலோ, முழங்கையை மடக்காமல் சுழற்றிப் பழகிய தோளை மறுபடியும் எறியப் பழக்க வேண்டும். 142 முதல் 149 கிராம் வரை எடையுள்ள அந்தப் பந்து கிரிக்கெட் பந்தைவிடச் சற்று இலகுவானது என்றாலும், உடம்பில் பட்டால் வலி ஏறக்குறைய அதே வலிதான். முதல் முறை அடிபட்ட பிள்ளை அடுத்த பந்துக்குப் பின்னால் நகர்வதைக் கண்டு கடிந்துகொள்ளாமல் இருப்பது பெற்றோரின் முதல் கடமை.

உடல்நலத்தைப் பொறுத்தவரை இரண்டு விளையாட்டுகளுக்கும் அவற்றுக்கே உரிய கேடுகள் உண்டு. கால்பந்தில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிடைக்கும் பயிற்சிக்கு ஈடாகப் பேஸ்பாலில் எதுவும் இல்லை. பெரியவர்களின் ஆட்டத்தில் நடுக்கள வீரர் ஒருவர் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது சாதாரணம். ஆனால் தலையால் முட்டுவது வளரும் மூளைக்கு ஊறு செய்யக்கூடும் என்ற கவலையால், பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று யு.எஸ். சாக்கர் 2015-இல் அறிவித்தது. முழங்கால் தசைநார் கிழிவதும் கால்பந்தில் அடிக்கடி நேர்கிறது. பருவமடைந்த பெண் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து ஆண் பிள்ளைகளைவிடக் கூடுதல் என்பதால், தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளைச் செய்ய வைக்கும் கிளப்பாகப் பார்ப்பது நல்லது. பேஸ்பாலின் கேடு முழங்கையிலும் தோளிலும் குவிகிறது. லிட்டில் லீக்கில் ஒன்பது, பத்து வயதினர் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேலும், பதினொன்று, பன்னிரண்டு வயதினர் 85 பந்துகளுக்கு மேலும் வீசக் கூடாது. 66 பந்துகளைத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். இந்த விதி நன்றாகவே காக்கிறது, ஒரு பிள்ளை ஒரே அணியில் ஆடும்வரை. வார நாளில் ஊர் லீக்கிலும் வார இறுதியில் வெளியூர்ப் போட்டிகளுக்கான டிராவல் அணியிலும் ஒரே கை வீசும்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்ப்பவர் பெற்றோரைத் தவிர வேறு யாரும் இல்லை. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், பிட்சர் (பந்து வீசுபவர்) டாமி ஜானுக்கு முதன்முதலாகச் செய்த முழங்கை அறுவைச் சிகிச்சை, இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் தேவைப்படும் நிலை வந்திருப்பது இந்த விளையாட்டின் மிகப் பெரிய வேதனை.

பெண் பிள்ளைகளுக்கு எது என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972-ஆம் ஆண்டுச் சட்டமான டைட்டில் நைன், அமெரிக்கப் பெண்கள் கால்பந்துக்கு அடித்தளம் இட்டது. 1991, 1999, 2015, 2019 என நான்கு முறை அமெரிக்கப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றிருக்கிறார்கள். 1999 ஜூலையில் கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் அரங்கில் சீனாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தைப் பார்க்க 90,000-க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஆண்கள் அணிக்குச் சமமான ஊதியம் வேண்டும் என்று போராடி 2022-இல் அதை ஒப்பந்தமாகவே பெற்றார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி காலில் பந்தோடு தொடங்கி, பள்ளி, கல்லூரி, தொழில்முறை லீக் என்று ஒரே விளையாட்டில் மேலே போகும் பாதை அங்கே தெளிவாக இருக்கிறது. பேஸ்பாலில் 1974 முதல் லிட்டில் லீக் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது. 2014-இல் மோனே டேவிஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி லிட்டில் லீக் உலகத் தொடரில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டமும் வீசி வென்று நாட்டையே வியக்க வைத்தாள். இருந்தும், பன்னிரண்டு வயதுக்கு மேல் பெரும்பாலான பெண்கள், சற்றுப் பெரிய பந்தால் ஆடும் பேஸ்பாலின் உடன்பிறப்பான சாஃப்ட்பாலுக்கு மாற்றப்படுகிறார்கள். சாஃப்ட்பால் சிறந்த விளையாட்டு, கல்லூரிகளில் கூட்டம் சேர்க்கும் விளையாட்டு. ஆனால் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவது முற்றிலும் வேறு கலை என்பதால், மகளுக்கு மட்டையும் க்ளவும் பிடிக்கிறது என்றால் தொடக்கத்திலேயே சாஃப்ட்பாலில் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஊர் அளவிலான லீக்கில் கால்பந்துக்கு ஆணிக்காலணி, முழங்கால் கீழ்க்காப்பு, ஒரு பந்து போதும். பேஸ்பாலுக்கு க்ளவ், மட்டை, ஹெல்மெட், காலணி எல்லாம் வேண்டும், பிள்ளை வளர வளர மட்டையின் நீளமும் மாறிக்கொண்டே போகும். ஆனால் பயணம் செய்து ஆடும் கிளப்புகளுக்குள் நுழைந்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல: ஆண்டுக் கட்டணம், போட்டிக் கட்டணம், விடுதி, பெட்ரோல் என்று செலவு ஆயிரக்கணக்கான டாலரைத் தொடும். உலகெங்கும் தெருப் பிள்ளைகளின் விளையாட்டாக இருக்கும் கால்பந்து, அமெரிக்காவில் மட்டும் வசதி படைத்த புறநகர்ப் பிள்ளைகளின் விளையாட்டாக மாறியிருப்பது வருந்தத்தக்கது. கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இந்தச் செலவைச் செய்யும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024-25 கல்வியாண்டு வரை முதல் நிலைக் கல்லூரி பேஸ்பால் அணி ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட முழு உதவித்தொகைகள் 11.7, ஆண்கள் கால்பந்து அணிக்கு 9.9, அவற்றை அணி முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது பல கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கிவிட்டாலும், உதவித்தொகையை நம்பி விளையாட்டைத் தேர்வது எந்தப் பக்கம் பார்த்தாலும் லாபக் கணக்கு அன்று.

இனி, பார்ப்பது. கால்பந்தின் அழகு அதன் இடைவிடாத ஓட்டத்தில் இருக்கிறது. ஒரு பாதிக்கு 45 நிமிடம், நடுவில் விளம்பரம் குறுக்கிடுவதில்லை, இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கோல் அரிதாகவே விழுவதால் ஒவ்வொரு கோலும் ஒரு நிகழ்வாகிறது. 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரின் லுசைல் அரங்கில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல் பின்தங்கி எண்பதாவது நிமிடம் வரை உயிரற்றிருந்த பிரான்ஸ் அணி, எம்பாப்பேயின் காலால் இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்துச் சமன் செய்ததையும், கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானி உதைத்த பந்தை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் இடக்காலை நீட்டித் தடுத்ததையும், பெனால்டியில் அர்ஜென்டினா வென்றதையும் பார்த்தவர்களுக்குக் கால்பந்தின் பெருமையை விளக்க வேண்டியதில்லை. விதிகளும் எளியவை, ஆஃப்சைடு ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

அமெரிக்காவில் வாழ்பவருக்கு நேரமும் தோதாகவே அமைகிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்கள் கிழக்குக் கரையில் சனி, ஞாயிறு காலையில் வருவதால், இட்லி வேகும் நேரத்தில் ஒரு பாதியைப் பார்த்துவிடலாம். மேற்குக் கரையில் இருப்பவர்கள்தாம் விடியும் முன்பே எழ வேண்டும். உள்ளூரில், 1994 உலகக் கோப்பையை நடத்தியதன் தொடர்ச்சியாக 1996-இல் பத்து அணிகளோடு தொடங்கிய எம்.எல்.எஸ். லீக், 2025-இல் முப்பது அணிகளாக வளர்ந்துவிட்டது; 2023-இல் மெஸ்ஸி மயாமிக்கு வந்தது அதற்குப் பெரும் ஊக்கம். கனடா, மெக்சிகோவோடு சேர்ந்து அமெரிக்கா நடத்தும் 2026 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு, தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் நியூ ஜெர்சியே இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும் பார்ப்பதற்குப் பேஸ்பாலை நான் முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. கிரிக்கெட்டில் நாம் உண்மையில் ரசித்தது எது என்று யோசித்துப் பாருங்கள்: பந்து வீசுபவர் ஓடி வருவதற்கு முன் உள்ள அந்த அமைதி, அடுத்த பந்து எப்படி வரும் என்று நாமே ஊகிப்பது, களத்தில் ஆட்களை நகர்த்துவதைப் பார்த்துத் திட்டத்தைப் படிப்பது. அந்த இன்பம் அப்படியே பேஸ்பாலில் இருக்கிறது. இந்த விளையாட்டின் ஆட்டக் குறிப்பு அட்டவணைக்கு வடிவம் தந்த ஹென்றி சாட்விக்கே, இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர்தான். பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.4 நொடியில் கடந்துவிடும். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து பால் ஒன்றும் விழாத நிலையில் பிட்சர் பேட்டரை ஆசை காட்டி வெளியே இழுப்பார். மூன்று பாலும் ஒரு ஸ்ட்ரைக்கும் ஆன நிலையில் வேறு வழியின்றி நேராக வீசுவார், அதை எதிர்பார்த்துப் பேட்டர் காத்திருப்பார். எண்ணிக்கை ஒவ்வொரு பந்துக்கும் மாற மாற இருவருடைய எண்ணமும் மாறுகிறது. இதைப் பிடித்துக்கொண்டவருக்கு ஒன்றுமே நடக்காத நிமிடம் என்று ஒன்று அந்த ஆட்டத்தில் இருக்காது.

மிக நீளம், மிக மெதுவு என்ற பழைய குற்றச்சாட்டுக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. 2023-இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள். பேஸ் காலியாக இருந்தால் 15 நொடிக்குள் வீச ஆரம்பித்தாக வேண்டும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நீளம் 2022-இல் 3 மணி 4 நிமிடமாக இருந்தது, ஒரே ஆண்டில் 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. தேவையற்ற உலாத்தல் போய், ஆட்டம் மட்டும் மிஞ்சியது. ஆனால் ஆட்டத்தின் முடிவுக்கு மட்டும் இன்னும் கடிகாரம் இல்லை. கால்பந்தில் இரண்டு கோல் முன்னணியில் இருக்கும் அணி கடைசிப் பத்து நிமிடத்தை மூலைக்கொடியருகே பந்தை வைத்துக்கொண்டு கரைத்துவிடலாம். பேஸ்பாலில், இன்னிங்ஸுக்கு மூன்று வீதம் ஒன்பது இன்னிங்ஸுக்கான இருபத்தேழாவது அவுட்டை எடுத்தே தீர வேண்டும், அதுவரை எதிரணிக்கு மட்டை பிடிக்கும் உரிமை உண்டு.

அதன் பொருள் என்ன என்பதை, மேஜர் லீக் கோப்பையைத் தீர்மானிக்கும் 2025 உலகத் தொடர் காட்டியது. டொரன்டோ ப்ளூ ஜேஸும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் மோதிய அந்தத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், ஆறரை மணி நேரத்துக்கு மேல் நடந்து, டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் பந்தை வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்னில் முடிந்தது. ஏழாவது ஆட்டத்தில், ஸ்கார்பரோவிலும் அதைச் சுற்றியும் வாழும் ஈழத்தமிழர் குடும்பங்களின் சொந்த ஊர் அணியான ப்ளூ ஜேஸ், தன் அரங்கிலேயே 4-3 என்று முன்னிலையில் இருந்து, கோப்பைக்கு இரண்டே அவுட் மீதமிருந்த நிலையில், அதிகம் அடித்துப் பெயர் வாங்காத டாட்ஜர்ஸ் வீரர் மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் டொரன்டோவுக்கு மூன்று பேஸிலும் ஆட்கள் இருந்தார்கள், ஒருவர் ஹோமைத் தொட்டால் கோப்பை. தரையோடு வந்த பந்தை எடுத்து அதே ரோஹாஸ் ஹோமுக்கு எறிய, ஓடி வந்தவர் அங்குலக் கணக்கில் அவுட்டானார். பதினொன்றாவது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன்னால் டாட்ஜர்ஸ் முந்த, பதிலுக்கு ஆடிய டொரன்டோ மூன்றாம் பேஸில் ஆளை வைத்துக்கொண்டு, ஒரே அடியில் இருவர் அவுட்டாகும் இரட்டை அவுட்டில் வீழ்ந்தது. 5-4. டொரன்டோவின் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு அது ஆறாத இழப்பு. ஆனால் அப்படி ஓர் இரவைத் தரக்கூடிய விளையாட்டைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய இழப்பு என்பேன்.

அரங்குக்குப் போனால் ஆட்டத்தைப் பந்துக்குப் பந்து குறித்துக்கொள்ள ஒரு குறிப்பு அட்டையும் பென்சிலும் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்: பிட்சர் 1, கேட்ச்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்து மூவரும் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போன இரட்டை அவுட்டை 6-4-3 என்று எழுத வேண்டும். மட்டையை அசைக்காமலே ஸ்ட்ரைக்கில் அவுட்டானால், ஸ்ட்ரைக் அவுட்டைக் குறிக்கும் கே (K) எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். மூன்று இன்னிங்ஸ் எழுதிய பிள்ளை நான்காவதில் பெரியவர்களுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடும். மேஜர் லீக் சீட்டு விலை அதிகம் என்று தோன்றினால், அவற்றோடு இணைந்த 120 சிறு லீக் அணிகளில் ஒன்று எங்காவது காரோட்டும் தூரத்தில் இருக்கும். அங்கே சீட்டும் மலிவு, களமும் மிக அருகில்.

பெரியவர்கள் தாமே ஆடுவதைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. பூங்காவில் ஒரு பந்தும் பத்துப் பேரும் இருந்தால் கால்பந்து நடந்துவிடும், மொழியும் அறிமுகமும்கூடத் தேவையில்லை. பேஸ்பாலுக்குப் பதினெட்டுப் பேரும் தனி மைதானமும் வேண்டும். நாற்பது வயதில் புதிதாக அதைத் தொடங்குவது தோளுக்கு நல்லதன்று. அலுவலக நண்பர்கள் மெதுவீச்சு சாஃப்ட்பாலுக்கு அழைத்தால் தயங்காமல் போகலாம். கிரிக்கெட் கைகளுக்கு அது விரைவில் வசப்படும்.

பிள்ளைகளின் விஷயத்தில் நடைமுறைக்கு ஏற்ற வழி ஒன்று அமெரிக்கப் பருவங்களிலேயே அமைந்திருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் கால்பந்து, வசந்தத்தோடு இலையுதிர்காலத்திலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை, நடக்கிறது. பேஸ்பாலின் முதன்மைப் பருவம் வசந்தம். ஐந்து வயதிலிருந்து கால்பந்தில் விட்டு, எட்டு வயது ஆகும்போது இலையுதிர்காலத்தை அதற்கே வைத்துக்கொண்டு ஒரு வசந்தத்தை மட்டும் பேஸ்பாலுக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்த ஒரு பருவத்தில் பிள்ளைக்குப் பந்தின் மேல் உள்ள பயம் குறைகிறதா, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஆட்டத்தைக் கவனிக்கிறதா என்று பார்த்தால் போதும், விடை தெரிந்துவிடும். ஏதாவது ஒன்றையே பன்னிரண்டு மாதமும் ஆட வேண்டும் என்று பத்து வயதுக்குள் வற்புறுத்தும் பயிற்சியாளரை ஏற்க வேண்டாம்; வளரும் மூட்டுகளுக்கு ஓய்வும் மாற்றமும் வேண்டும் என்பதில் குழந்தை மருத்துவர்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. பதிவுப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், கால்பந்து லீக்காக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு ஆட்ட நேரம் உறுதி என்றும், பேஸ்பால் லீக்காக இருந்தால் வீசிய பந்துகளின் கணக்கை ஆட்டத்தின்போது எழுதுபவர் யார் என்றும் கேளுங்கள். உடனடியாகவும் தெளிவாகவும் பதில் சொல்லும் லீக்கில் பிள்ளையைச் சேர்க்கலாம்.